பொட்டெலும்புக்குள் இருக்கும் பதில்

1802 அக்டோபரில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஹைலிகன்ஷ்டாட் என்ற சிற்றூரில் தங்கியிருந்த பீத்தோவன் தன் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 31. காது மந்தமாகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இரவும் பகலும் காதுக்குள் இரைச்சல். தூரத்தில் யாரோ ஊதும் புல்லாங்குழல் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிறது, தனக்குக் கேட்கவில்லை என்று அதில் புலம்புகிறார். கூடவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறார். நான் இறந்த பிறகு டாக்டர் ஷ்மிட் உயிரோடு இருந்தால், என் நோய் என்னவென்று விவரித்து எழுதச் சொல்லுங்கள், அதை இந்தக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள் என்கிறார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. இறந்த பிறகு அவருடைய காகிதங்களுக்கு நடுவில்தான் அது கிடைத்தது.

1827 மார்ச் 26 அன்று பீத்தோவன் இறந்தார். டாக்டர் ஷ்மிட் அதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டார். மறுநாள் யோஹான் வாக்னர் என்ற மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்தார். செவி நரம்புகள் சுருங்கியிருந்ததாகக் குறிப்பெழுதினார். காதைத் தனியே ஆராய்வதற்காக இரண்டு பக்கத்துப் பொட்டெலும்புகளையும் அறுத்து எடுத்தார். அந்த எலும்புகள் பிறகு எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1863-ல் கல்லறையைத் தோண்டி எலும்புக்கூட்டைப் பார்த்தபோதும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அவருடைய தலைமுடியிலிருந்து மரபணுத் தொகுதியையே படித்து 2023-ல் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லீரல் நோய்க்கான சாய்வு தெரிந்தது, மஞ்சள் காமாலை வைரஸின் தடம் கூடக் கிடைத்தது. காது ஏன் போனது என்பது மட்டும் தெரியவில்லை.

எனக்கு இது ஒரு இசைமேதையின் சோகக் கதை என்பதோடு முடிவதில்லை. காதைப் பற்றிய மருத்துவ ஆராய்ச்சி முழுவதுக்கும் உள்ள அடிப்படைச் சிக்கல் இதில் இருக்கிறது. வயிற்றில் புண் என்றால் குழாய் விட்டுப் பார்க்கலாம். மார்பில் கட்டி என்றால் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிக்கலாம். கண்ணுக்குள் விளக்கடித்தால் விழித்திரை நேரடியாகத் தெரியும். உட்செவியில் இது எதுவும் நடக்காது. அதிலிருந்து துளி சதை எடுத்தால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். அதனால் உயிரோடிருப்பவரின் காது ஏன் கெட்டது, தலை ஏன் சுற்றுகிறது என்ற கேள்விக்கு நமக்குத் தெரிந்த பதில்களில் பெரும்பகுதி, இறந்தவர்கள் விட்டுச்சென்ற எலும்புகளிலிருந்து வந்ததுதான்.

கையைக் காதுக்கு மேல், கன்னப்பொறியில் வையுங்கள். அந்த எலும்பு உள்நோக்கிப் போகப் போக உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்பாகிறது. பல்லாயிரம் வருடப் பழைய எலும்புக்கூடுகளில் மரபணு தேடுபவர்கள் முதலில் தேடுவது இந்தத் துண்டைத்தான். வெளியிலிருந்து எதுவும் எளிதில் புக முடியாத இடம் அது. அதற்குள்ளே கொண்டைக்கடலை அளவில் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதை ஒட்டி அரைவட்டக் கால்வாய்கள் மூன்று, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. இவற்றோடு இரண்டு சிறு பைகள். கேட்பது, நிலைதடுமாறாமல் நிற்பது என்று இரண்டு வேலையும் இந்தச் சிறு இடத்துக்குள், ஒரே நீரில் நடக்கின்றன. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடிக்கும் மேல். ஒரு காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஏறக்குறைய 15,000தான். போனால் திரும்ப முளைக்காது. கோழிக்கும் குருவிக்கும் முளைக்கும் என்று 1980களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள், நமக்கு இல்லை.

இந்த எலும்பைப் படிக்கும் விதம் பொறுமையின் உச்சம். இறந்து ஒரு நாளுக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, எலும்பை எடுத்துவிட வேண்டும். முகத் தோற்றம் மாறாது, வெளிக்காது அப்படியே இருக்கும். பார்மலினில் பதப்படுத்திய பிறகு, எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும் திரவத்தில் போடுகிறார்கள். அவசரப்பட்டு அமிலத்தில் போட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகள் சிதைந்துவிடும். அதனால் மெதுவாகத்தான் கரைக்க வேண்டும், ஒரு வருடம் வரைகூட ஆகும். பிறகு செல்லாய்டின் என்ற பசையை எலும்பின் ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஊறவிட்டு இறுக வைப்பதற்கு இன்னும் சில மாதம். அதன்பின் 20 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 50 சீவல். பத்துக்கு ஒன்று வீதம் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மீதியை எண் போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். ஒருவர் கொடுத்த காது நுண்ணோக்கியின் கீழ் வருவதற்குள் அவருடைய வருஷத் திவசம் கழிந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் எலும்பு மட்டும் போதாது. அந்த மனிதர் உயிரோடிருந்தபோது கேட்கும் திறனை அளந்து எடுத்த ஆடியோகிராம்கள், என்ன மருந்து சாப்பிட்டார், எந்த வயதில் முதல் தலைசுற்றல், எந்தக் காதில் இரைச்சல் என்ற விவரம் எல்லாம் கூடவே வேண்டும். விவரம் இல்லாத எலும்பில் சேதம் தெரியும், அந்தச் சேதம் அவருக்கு என்ன செய்தது என்று தெரியாது. அமெரிக்காவில் 1992-ல் இதற்கென்றே ஒரு தேசியப் பதிவகம் தொடங்கினார்கள். காது மந்தமானவர்களும் தலைசுற்றலால் அவதிப்படுபவர்களும் உயிரோடிருக்கும்போதே தங்கள் பெயரைப் பதிந்து, மருத்துவக் குறிப்புகளையும் கொடுத்து வைக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், நான் என் அம்மாவைக் காட்டுவேன்.

ஒருநாள் விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டார். அடுத்த நொடி கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வீடே சுத்துது, என்னைப் பிடிச்சுக்கோ" என்று அலறினார். அரை நிமிடத்தில் நின்றது. மறுபடி புரண்டால் மறுபடி. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார் பாட்டி. பிரஷர் என்றார் ஒருவர். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்துக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டார் இன்னொருவர். மூன்று மாதம் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கினார். கடைசியில் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவர் அம்மாவை மேசையில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று சாய்த்து, தலை மேசை விளிம்புக்குக் கீழே தொங்கும்படி பிடித்தார். "பயப்படாதீங்கம்மா. கண்ணை மூடாதீங்க. என்னையே பாருங்க." சில நொடி ஒன்றுமில்லை. பிறகு அம்மாவின் கருவிழிகள் இரண்டும் சுழன்று சுழன்று துடிக்க ஆரம்பித்தன. மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா, கல்லு நகருது."

அந்தக் கல்லின் கதைதான் இது. உட்செவியின் ஒரு பையில், நாம் நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று உணர்வதற்காகச் சுண்ணாம்புப் படிகங்கள் மண்போல் படிந்திருக்கின்றன. வயதாலோ அடிபட்டோ அவை பெயர்ந்து, தமக்கு வேலையில்லாத அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உருண்டு, நாம் சுழல்கிறோம் என்று மூளைக்குப் பொய்த் தகவல் போகிறது. இதை உயிரோடிருந்த யாருடைய காதிலும் பார்த்து முதலில் சொல்லவில்லை. படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்து, பிறகு வேறு காரணத்தால் இறந்த நோயாளிகளின் பொட்டெலும்பைச் சீவிப் பார்த்த பாஸ்டன் மருத்துவர் ஹெரால்ட் ஷூக்நெக்ட், பின்பக்கக் கால்வாயின் உணர்மேட்டில் துகள்கள் ஒட்டியிருப்பதைக் கண்டு 1969-ல் எழுதினார். ஒட்டியில்லாமல் நீரில் மிதந்தும் அலையலாம் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். 1992-ல் கனடாவில் அறுவை மேசையில், உயிரோடிருப்பவரின் கால்வாயைத் திறந்தபோது அந்தத் துகள்கள் மிதப்பதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள்.

கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அதை வெளியேற்றும் வழியும் கிடைக்கும் அல்லவா? அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்த ஜான் எப்லி, கால்வாயின் வளைவைக் கணக்கிட்டு, தலையை வரிசையாக நாலைந்து நிலைகளில் திருப்பினால் துகள் தானாக உருண்டு பழைய பைக்கே போய்விடும் என்றார். மருந்தும் கத்தியும் இல்லாத இந்த வைத்தியத்தை ஆரம்பத்தில் பலரும் நம்பவில்லை. அவருடைய முழுக் கட்டுரை 1992-ல்தான் வெளிவந்தது. இன்று உலகம் முழுக்க அதுதான் முதல் சிகிச்சை. அம்மாவுக்கு ஐந்து நிமிடம் ஆனது. அன்று இரவு மூன்று மாதத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கினார். கழுத்துப்பட்டை இன்னும் பரணில் கிடக்கிறது.

எல்லாத் தலைசுற்றலும் இவ்வளவு சுலபமாக மசிவதில்லை. 1861-ல் பாரிஸில் பிராஸ்பர் மெனியே, திடீர்த் தலைசுற்றலும் வாந்தியும் காது மந்தமும் இரைச்சலும் சேர்ந்து வந்தால் அது மூளை நோய் அல்ல, உட்செவியின் நோய் என்று மருத்துவக் கழகத்தில் வாதிட்டார். தலைசுற்றினால் மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்று நம்பி ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த காலம். அவர் வாதம் பெரிதாக எடுபடவில்லை, அடுத்த வருடமே இறந்தும் போனார். எழுபத்தேழு வருடம் கழித்து, 1938-ல், லண்டனில் இருவரும் ஜப்பானில் ஒருவரும் தனித்தனியே, இந்த நோய் இருந்தவர்களின் பொட்டெலும்பைச் சீவிப் பார்த்தார்கள். உட்செவியின் உள்நீர்ப் பை பலூன் போல உப்பியிருந்தது. மெனியே சொன்னது நிரூபணமானது.

அதன்பிறகு நீரை வடித்தால் நோய் போகும் என்று அறுவைகளும், உப்பைக் குறைத்தால் நீர் குறையும் என்று பத்தியமும் வந்தன. ஆனால் ஷூக்நெக்ட் பாஸ்டனில் சேர்த்த பொட்டெலும்புத் தொகுப்பை மறுபடி வரிசையாகப் பார்த்த சௌமில் மெர்ச்சன்ட் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2005-ல் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னார்கள். மெனியே நோய் இருந்த எல்லோருக்கும் நீர்ப்பை உப்பியிருக்கிறது, சரி. நீர்ப்பை உப்பிய எல்லோருக்கும் மெனியே நோய் இருந்ததில்லை. ஆக, உப்பல் நோயின் காரணம் என்பதைவிட, வேறு ஏதோ கெட்டுப்போனதன் அடையாளமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்த நோயின் வேர் இன்னும் பிடிபடவில்லை. 2007-ல் ஜப்பானின் நகோயாவில் செவிப்பறைக்குப் பின்னால் சாய மருந்து செலுத்தி, எம்.ஆர்.ஐ.யில் இந்த உப்பலை உயிரோடிருப்பவரிடமே பார்த்தார்கள். அறுபத்தொன்பது வருடம் எலும்பில் மட்டுமே தெரிந்த ஒன்று அப்போதுதான் படத்தில் வந்தது.

எலும்புத் தொகுப்பின் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. 1998-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாயிட் மைனர் விசித்திரமான நோயாளிகளைப் பற்றி எழுதினார். பலமான சத்தம் கேட்டால் அவர்களுக்குத் தலை சுற்றுகிறது. சிலருக்குத் தங்கள் கண் உருள்கிற ஓசையே காதில் கேட்கிறது. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று இதை வெளியே சொல்லவே பயந்தவர்கள் உண்டு. மேல் அரைவட்டக் கால்வாயின் கூரை எலும்பு இல்லாமல் திறந்து கிடப்பதுதான் காரணம். ஒலி அலை போகக்கூடாத வழியில் போகிறது. இது எவ்வளவு பேருக்கு இருக்கும்? நோயாளிகளை வைத்துச் சொல்ல முடியாது, வருபவர்கள் சிலரே. ஹாப்கின்ஸில் முன்பே சேர்த்து வைத்திருந்த 1,000 பொட்டெலும்புகளை எடுத்துப் பார்த்தார்கள். 5 எலும்புகளில் கூரை முழுதாகத் திறந்திருந்தது. இன்னும் சிலவற்றில் காகிதம் போல மெலிந்திருந்தது, பெரும்பாலும் இரண்டு பக்கமும். குழந்தைப் பருவத்தில் அந்த எலும்பு முழுதாக வளராமல் நின்றுவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் அந்த எலும்புகளைச் சேர்த்தவர்களுக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது.

வயதான காலத்துக் காது மந்தத்துக்கு வருவோம். நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். "சத்தம் கேக்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியல" என்று சொல்லாத தாத்தா பாட்டி உண்டா? உட்செவி வேலை செய்ய மின்னழுத்தம் வேண்டும். காக்ளியாவின் பக்கச் சுவரில் ஒரு திசு அதை பேட்டரி போல உண்டாக்கித் தருகிறது. முதியவர்களில் பலருக்கு இந்த பேட்டரி சுருங்கிப் போவதுதான் கோளாறு என்று ஷூக்நெக்ட் வகுத்தார். பல பத்தாண்டுகள் அதையே பாடமாகப் படித்தார்கள். 2020-ல் அதே பாஸ்டன் தொகுப்பிலிருந்து 120 காதுகளை எடுத்து, மேம்பட்ட நுண்ணோக்கியில் மயிர்ச்செல்களை இருக்கிறதா இல்லையா என்று மேலோட்டமாகப் பார்க்காமல் நீளம் முழுக்க எண்ணினார்கள். ஒவ்வொரு காதுக்கும் அவர் உயிரோடிருந்தபோது எடுத்த ஆடியோகிராமைப் பக்கத்தில் வைத்தார்கள். கேள்வித்திறன் குறைந்ததோடு ஒத்துப்போனது பேட்டரியின் சேதம் இல்லை, மயிர்ச்செல்களின் சாவுதான். ஷூக்நெக்ட் சொன்னதை ஷூக்நெக்ட் சேர்த்த எலும்புகளைக் கொண்டே திருத்தினார்கள். எனக்கு இந்த நேர்மை மிகப் பிடித்திருக்கிறது.

சத்தமில்லாத கூண்டில் வளர்த்த விலங்குகளுக்கு வயதாகும்போது மயிர்ச்செல்கள் இவ்வளவு போவதில்லை. அப்படியென்றால் நாம் முதுமை என்று சொல்லிக் கடந்துபோகிற சேதத்தில் கணிசமான பங்கு, வாழ்நாள் முழுக்கக் கேட்ட இரைச்சலுடையதாக இருக்கலாம். ஹாரனும் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரும் கோயில் கொடையின் குழாயும் இதில் சேரும். 2009-ல் எலிகளை வைத்து நடந்த ஒரு சோதனை இதை இன்னும் கூர்மையாக்கியது. இரண்டு மணிநேரம் பலத்த சத்தத்தில் வைத்த எலிகளின் காது சில நாளில் பழையபடி ஆகிவிட்டது. மயிர்ச்செல்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் பாதி, சில பகுதிகளில், நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதப் பொட்டெலும்புகளிலும் தேடினார்கள். 50 வயது தாண்டியவர்களின் காதுகளில், மயிர்ச்செல் இருந்த இடத்திலும் நரம்பிழைகள் பாதிக்கும் மேல் அறுந்திருந்தன. மெல்லிய ஒலியைக் கேட்கச் சில இழைகள் போதும், அதனால் ஆடியோகிராம் நன்றாகவே இருக்கும். பேச்சைப் பிரித்தறிய, அதுவும் நாலு பேர் பேசும் இடத்தில் பிரித்தறிய, நிறைய இழைகள் வேண்டும். தாத்தா சொன்ன புகாருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் காது மெஷின் மட்டும் அவருக்கு ஏன் போதவில்லை என்பதும் இதிலிருந்து புரிகிறது.

நம் ஊர்க் காதுகளுக்கு வேறு எதிரிகளும் உண்டு. காசநோய்க்கு 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோதே, அது சமநிலை உறுப்பைத் தாக்குவது தெரிந்துவிட்டது. அந்த ஊசியால் சமநிலையை இழந்த ஒரு மருத்துவர் 1952-ல் தன் நிலையை எழுதினார். நாடித்துடிப்பில் தலை அசையும் அசைவுக்கே எழுத்துகள் குதித்ததால், கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அவரால் புத்தகம் படிக்க முடிந்ததாம். அதே குடும்பத்து கனாமைசின், மருந்துக்கு மசியாத காசநோய்க்கு வெகுகாலம் கொடுக்கப்பட்டது. பிழைத்தவர்களில் பலர் காதைக் கொடுத்துப் பிழைத்தார்கள். 2018-ல்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது. தாய்வழி வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த மருந்துக் குடும்பத்தின் சிறிய அளவே காதைப் பறிக்கும் என்று 1993-லேயே கண்டறிந்திருந்தார்கள்.

கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா, பிறக்கும் குழந்தையின் காக்ளியாவைக் கெடுக்கும். அதற்கான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில்தான் முதலில் தொடங்கியது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில், அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதான மரபணு குழந்தையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் காதுகேளாமைக்கு உலகெங்கும் முக்கியக் காரணமான கனெக்சின் 26 மரபணுவை 1997-ல் அடையாளம் கண்டார்கள். இந்தியக் குடும்பங்களில் அதில் வரும் மாற்றம் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் வருவது இல்லை, வேறு ஒன்று. ஷாங்காயில் ஓட்டோஃபெர்லின் என்ற இன்னொரு மரபணு பழுதான 6 குழந்தைகளுக்கு நல்ல பிரதியைக் காதுக்குள் செலுத்தியதில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியதாக 2024 ஜனவரியில் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உலகின் பெரிய பொட்டெலும்புத் தொகுப்புகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் காதுகள் அந்த ஊர் மனிதர்களின் காதுகள். அவர்கள் சாப்பிட்ட மருந்தும் கேட்ட சத்தமும் மணந்த உறவும் வேறு. நம் காதுகள் எப்படிக் கெடுகின்றன என்பதை நம் எலும்புகளில்தான் பார்க்க முடியும். கண் தானத்தை நம்மவர்கள் எப்படிக் கையிலெடுத்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் இதுவும் நடக்கும் என்றே நம்புகிறேன். ஒன்று மட்டும் மாறுபடும். கண்ணைப் பெற்றவர் மறுவாரம் பார்ப்பார். காதைக் கொடுத்தால் பலன் யாருக்கு, எந்த வருடத்தில், எந்தக் கேள்விக்கு என்று கொடுப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "கண்ணு எழுதிக் குடுத்தாச்சு. காதையும் எடுத்துக்குவாங்கன்னா எடுத்துக்கட்டும், அதுக்கு மேல எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மடியில் கொட்டினார். எட்டு வருட ஆடியோகிராம்கள், மருந்துச் சீட்டுகள், அந்தக் கழுத்து எக்ஸ்ரே. உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினோம். முதல் சீட்டின் பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருந்தார்: வலப்பக்கம் புரண்டால் மட்டும்.